கொடைக்கானல் குளிரும் தரைக்கு அடியில் மூட்டிய தீயும்

கொடைக்கானலில் ஜனவரி மாதத்து விடியற்காலை. கம்பளியை விலக்கிவிட்டுக் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்கிறீர்கள். சிமெண்டுத் தரையைத் தொட்ட கணமே கால் தானாக மேலே வந்துவிடுகிறது. அதே அறையில் கிடக்கும் மரப்பலகையின் மீது வைத்தால் அவ்வளவு சில்லிடுவதில்லை. தரை பலகையைவிடக் குளிர்ந்திருக்கிறதா என்றால், இல்லை. இரண்டும் இரவெல்லாம் ஒரே அறையில் இருந்தவை. ஒரே வெப்பநிலையில் இருப்பவை.

இரண்டும் 12 டிகிரி செல்சியஸில் இருப்பதாகக் கொள்வோம். உள்ளங்காலின் தோல் ஏறத்தாழ 30 டிகிரி. இரு பொருள்கள் ஒன்றையொன்று தொடும்போது, எது வெப்பத்தை விரைவாகத் தன்னுள் கடத்தித் தேக்கிக்கொள்ள வல்லதோ, அதன் பக்கமே தொடுபரப்பின் வெப்பநிலை சாயும். கணக்கிட்டுப் பார்த்தால், சிமெண்டைத் தொட்ட கால் 20 டிகிரிக்கு அருகிலும், மரத்தைத் தொட்ட கால் 25 டிகிரிக்கு அருகிலும் வந்து நிற்கும். இந்த ஐந்து டிகிரி வேறுபாட்டைத்தான் நம் கால் 'குளிர்' என்று சொல்கிறது.

அப்படியானால் குளிர்நாட்டில் வீடு கட்டுகிறவன் முதலில் சூடாக்க வேண்டியது தரையை அன்றோ? இந்தக் கேள்வியை எனக்குத் தோற்றுவித்தவர் என் மாணவர் ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மாணவர்கள் ஆறு பேருடன் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பார்க்கச் சென்றிருந்தேன். தங்கியது நூறு ஆண்டைக் கடந்த ஒரு பங்களாவில். பெரிய அறை, உயர்ந்த கூரை, சுவரில் கருங்கல்லால் கட்டிய கணப்பு, அதற்கு மேலே புகைபோக்கி. காவலாளி இரண்டு சுமை விறகைக் கொண்டுவந்து போட்டுத் தீ மூட்டினார். எல்லாரும் அரைவட்டமாக உட்கார்ந்தோம். பத்து நிமிடத்தில் முகம் பொசுங்கியது. முதுகில் யாரோ பனிக்கட்டியைத் தேய்ப்பது போலிருந்தது. திரும்பி உட்கார்ந்தோம். இப்போது முதுகு வெந்தது, முழங்கால் விறைத்தது.

"இது பார்க்கிறதுக்குத்தான் சார். தூங்கறதுக்குக் கம்பளிதான்" என்றார் காவலாளி. போகும்போது கதவருகே நின்று, "தணலை வாரிச் சட்டியில போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்துல மட்டும் வச்சிராதீங்க. கதவைச் சாத்தினா ஆளையே முடிச்சிரும்" என்றும் எச்சரித்தார். அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் வருவோம்.

அப்போதுதான் அந்த மாணவர் கேட்டார்: "சார், சூடு மேலேதானே போகும்? அப்படியிருக்க நெருப்பை ஏன் சுவரில் வைத்தார்கள்? தரைக்குக் கீழே வைத்திருக்கலாமே?"

விளையாட்டாகக் கேட்டாரோ என்னவோ, இந்தக் கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உண்டு. அதைச் சொல்லுமுன், கொடைக்கானலில் நெருப்பு சுவருக்கு வந்த கதையைப் பார்த்துவிடுவோம்.

மலைக்கு வந்த கணப்பு

பழனி மலையில் மனிதர் வாழ்வது புதிதன்று. தாண்டிக்குடிப் பக்கத்தில் காணும் கற்பதுக்கைகள் பெருங்கற்காலத்தவை. பளியரும் புலையரும் பிறரும் நெடுங்காலமாக அங்கு வாழ்ந்தவர்கள். பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்கள் மலைச்சரிவைப் படிகளாக வெட்டி உழுத ஊர்கள். ஆனால் இன்று நாம் கொடைக்கானல் என்று அழைக்கும் நகரம் வெள்ளையர் வருகைக்குப் பின் எழுந்தது. 1821இல் லெப்டினன்ட் வார்டு இம்மலைகளை அளந்தார். 1834இல் மதுரை மாவட்ட அதிகாரி ஒருவர் தேவதானப்பட்டி வழியாக ஏறிச் செண்பகனூரில் ஒரு சிறு பங்களா கட்டினார்.

அதே 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்கப் பாதிரிமார் மதுரையில் தம் மிஷனைத் தொடங்கினர். சமவெளியின் வெப்பமும் வாந்திபேதியும் அவர்களை வாட்டின. இளைப்பாற முதலில் சிறுமலைக்குப் போனார்கள். அங்கோ காய்ச்சல் காத்திருந்தது. எனவே இன்னும் உயரமான இடத்தைத் தேடி, 1845இல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்களைக் கட்டினர். 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்பன அவற்றின் பெயர்கள். நகரத்தின் தொடக்கம் இதுவே எனலாம். ஏரி பின்னால் வந்தது. 1863இல் லெவிஞ்சு என்ற ஆட்சியர் ஓடையை மறித்து அதை உண்டாக்கினார்.

அந்நாளில் மலைக்கு மோட்டார் சாலை இல்லை. பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து ஒற்றையடிப் பாதை. துரைமாரும் துரைசானிமாரும் நாற்காலியிலும் டோலியிலும் சுமக்கப்பட்டார்கள். மூட்டை முடிச்சுகள் கூலியாட்களின் தலையில் ஏறின. இப்படி ஏறிவந்தவர்கள் வீடு கட்டும்போது தங்கள் நாட்டு வீட்டையே கட்டினார்கள். தடித்த கல்சுவர், பெரிய சன்னல், அறைக்கு ஒரு கணப்பு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுவர்க்கணப்பு எவ்வளவு வீணானது என்பதை உலகுக்கு விளக்கிச் சொன்ன இருவரும் அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களே. ஒருவர் பெஞ்சமின் பிராங்க்ளின். இடிதாங்கியால் நாம் அறிந்த அதே பிராங்க்ளின், 1740களில் அறைக்குள்ளே தள்ளி நிற்கும் இரும்புக் கணப்பு ஒன்றைச் செய்து, 1744இல் அதைப் பற்றிச் சிறுநூலும் வெளியிட்டார். மற்றவர் ரம்போர்டு பிரபு. பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது எழும் வெப்பத்தைக் கொண்டு, வெப்பம் என்பது ஒரு திரவப் பொருளன்று, இயக்கமே என்று 1798இல் காட்டியவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே கணப்பைப் பற்றி அவர் கட்டுரை எழுதினார். புகைபோக்கியின் தொண்டையைக் குறுக்குங்கள், பக்கச்சுவர்களைச் சாய்த்துக் கட்டுங்கள் என்பது அவர் அறிவுரை. இலண்டன் நகரில் பல கணப்புகள் அவர் சொற்படி இடித்துக் கட்டப்பட்டன.

அவர்கள் கண்ட குறை என்ன? சுவர்க்கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அறைக்கு வருகிறது. அதுவும் கதிர்வீசலாக, நேரே தீயைப் பார்க்கும் பக்கத்துக்கு மட்டும். மிகுதி சூடான காற்றோடு புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடுகிறது. போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. வெளியேறிய காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கு, சன்னலிடுக்கு வழியாக மலையின் குளிர்காற்று உள்ளே வந்தாக வேண்டும். தீ எவ்வளவு கொழுந்துவிட்டு எரிகிறதோ அவ்வளவு வேகமாகக் குளிர்காற்று உங்கள் முதுகைத் தாக்கும். அன்றிரவு எங்கள் முதுகில் பனிக்கட்டி தேய்த்த 'யாரோ' இந்தக் காற்றுதான்.

ரோமாபுரியின் தூண்களும் காஷ்மீரத்துக் கல்லும்

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். தரைக்கடியில் தீ வைப்பது ரோமானியருக்குக் கைவந்த கலை. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர் அதன் முறையை எழுதி வைத்திருக்கிறார். எட்டு அங்குலச் சதுரச் செங்கற்களை அடுக்கி இரண்டடி உயரத்துக்குக் குட்டைத் தூண்கள் பல எழுப்ப வேண்டும். அவற்றின் தலையில் இரண்டடி ஓடுகளைப் பரப்பி, அதன்மேல் தளம் போட வேண்டும். வெளியே உலைவாயில் மூட்டும் தீயின் சூடும் புகையும் இத்தூண்களின் ஊடே புகுந்து, சுவரில் பதித்த குழல்கள் வழியே மேலேறிப் போகும். அடித்தளம் உலைவாயை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும் என்கிறார் அவர். உள்ளே ஒரு பந்தை எறிந்தால் அது அங்கே தங்காமல் உலைவாய்க்கே உருண்டு திரும்பும் அளவுக்குச் சரிவு. சூடான வளி மேல்நோக்கி ஏறும் இயல்பைப் பயன்படுத்திக்கொள்ள இப்படி ஓர் எளிய சோதனை!

ரோமப் பேரரசின் குளியல் மண்டபங்களும் செல்வர் மாளிகைகளும் இவ்வாறு சூடாக்கப்பட்டன. ஏழைக்கு இது எட்டவில்லை. உலைவாயில் விறகு தள்ள ஓர் அடிமை வேண்டும். காடு காடாக விறகு வேண்டும். பேரரசு சிதைந்தபின் மேலை ஐரோப்பா இக்கலையை ஏறத்தாழ மறந்தேவிட்டது.

கொரியாவில் கதை வேறு. அங்கே தரைச்சூடு குடியானவனின் குடிசையில் வளர்ந்தது. அதன் பெயர் ஒண்டோல். 'சூடான கல்' என்று பொருள். வீட்டின் ஒரு புறம் சமையலறை, சற்றுத் தாழ்வாக. அடுப்பில் சோறு வேகும்போதே அதன் அனலும் புகையும் பக்கத்து அறையின் தரைக்கடியில் உள்ள கற்கால்வாய்கள் வழியாக ஓடி, எதிர்ப்புறப் புகைபோக்கியில் வெளியேறும். கால்வாய்கள் மீது கற்பலகை, அதன்மேல் களிமண் பூச்சு, அதன்மேல் எண்ணெய் தோய்ந்த காகிதம். தீ அணைந்த பிறகும் கல் மெல்ல மெல்லச் சூட்டை விடும். அடுப்புப் பக்கத்துத் தரை மிகச் சூடானது. அது வீட்டுப் பெரியவர்களுக்கும் விருந்தாளிக்கும் உரிய இடம். ஒரே விறகில் சமையலும் ஆயிற்று, படுக்கையும் வெதுவெதுப்பாயிற்று. பாயில் படுத்துத் தரையில் அமர்ந்து உண்ணும் மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான கணப்பு வேறில்லை. நாமும் தரையில் அமரும் மக்கள்தாம் என்பதை நினைவில் வையுங்கள்.

இவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே இது உண்டு. காஷ்மீரத்தில் மசூதிகளிலும் வசதியுள்ள வீடுகளிலும் 'ஹமாம்' என்றொரு அறை இருக்கும். குளியலறை என்பது அச்சொல்லின் பொருளானாலும் காஷ்மீரிகளுக்கு அது குளிர்கால உட்காரும் அறை. தரை முழுவதும் செதுக்கிய சுண்ணாம்புக் கற்பலகைகள். அவற்றின் கீழே வெற்றிடம். வெளியிலிருந்து அதற்குள் பெரிய விறகுக் கட்டைகளைத் தள்ளித் தீயிடுவார்கள். சுவரோடு சேர்த்துப் பதித்த செப்புக் கொப்பரையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். தொழுகைக்கு முன் கைகால் கழுவ அது பயன்படும். ஒருமுறை தீயிட்டால் கல் நெடுநேரம் சூடாகவே இருக்கும். வெளியே பனி கொட்டும்போது ஊர்ப் பெரியவர்கள் அந்தக் கல்மீது சுவரில் சாய்ந்து அமர்ந்து கதை பேசுவார்கள். ஆங்கிலேயர் பழனி மலையில் கணப்பு கட்டிக்கொண்டிருந்த காலத்திலும் இது இந்தியாவில் இருந்தது. ஆனால் சீநகரத்துக் கொத்தனாரிடம் கேட்டு வீடு கட்ட வேண்டும் என்று மலைவாச ஸ்தலத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

புகைக்குப் பதில் தண்ணீர்

தரைக்கடியில் புகையை ஓட்டுவதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. அதற்குக் கொரியாவே கசப்பான பாடம். 1950களின் போரில் அந்நாட்டு மலைகள் மொட்டையாகிவிட்டன. விறகுக்குப் பதிலாக, துளைகள் நிறைந்த உருளை வடிவ நிலக்கரிக் கட்டிகளை எரிக்கத் தொடங்கினர். மரங்கள் தப்பின, மலைகளில் மீண்டும் காடு வளர்ந்தது. ஆனால் நிலக்கரி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தரையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், உறங்கும் அறைக்குள் கசிந்துவிடும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் விருப்பத்தோடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். தூக்கத்திலேயே மாண்ட குடும்பங்கள் பல. எங்கள் காவலாளி சொன்ன எச்சரிக்கை இதுதான். மூடிய அறையில் கரியடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் மறுநாள் எழவில்லை என்ற செய்தி கொடைக்கானலிலிருந்தே வந்ததுண்டு. வாசகர்களே, மலைக்குப் போகும்போது இதை மட்டும் மறக்கவேண்டாம்.

புகையை விலக்கித் தண்ணீரைக் கொண்டுவந்தது இருபதாம் நூற்றாண்டு. பிராங்க் லாயிட் ரைட் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் தோக்கியோவில் இம்பீரியல் ஓட்டலைக் கட்டும் வேலையாகச் சென்றிருந்தார். குளிர்காலத்தில் ஒரு செல்வர் வீட்டு விருந்தின்போது 'கொரிய அறை' ஒன்றில் அமர்த்தப்பட்டார். கணப்பும் இல்லை, தீயும் இல்லை. ஆனால் குளிரே தெரியவில்லை! அந்த வியப்பு அவரை விடவில்லை. 1937இல் அமெரிக்காவின் மாடிசன் நகரில் ஜேக்கப்ஸ் என்ற பத்திரிகையாளருக்குக் கட்டிய சிறு வீட்டில், கான்கிரீட் தளத்துக்கு அடியில் குழாய்களைப் பதித்துச் சூடேற்றினார். போருக்குப் பின் 1947 முதல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற இடத்தில் ஆயிரக்கணக்கான மலிவு வீடுகள் இதே முறையில் எழுந்தன.

ஆனால் உலோகக் குழாய் கான்கிரீட்டுக்குள் அரித்துப் போகிறது. தளம் அசைந்தால் விரிசலும் விடுகிறது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கத் தரையையே உடைக்க வேண்டும். இதனால் இம்முறையின் பெயர் சில காலம் கெட்டது. 1960களின் இறுதியில் ஜெர்மனியில் தாமஸ் எங்கல் என்பவர், பாலிஎத்திலீனின் நீண்ட மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்து, சூட்டில் இளகாத, துருவேறாத குழாயைச் செய்ய வழி கண்டார். இன்று உலகெங்கும் தரைக்கடியில் ஓடுவது பெரும்பாலும் அத்தகைய குழாயே. கொரியாவும் புகைக்கால்வாயை விட்டு வெந்நீர்க் குழாய்க்கு மாறிவிட்டது.

சோலை கொடுத்த விலை

இவ்வளவும் நடந்தபோது கொடைக்கானலில் கணப்பு அசையாமல் சுவரிலேயே இருந்தது. காரணம் எளிது: விறகு வெட்டியவன் கூலி மிகக் குறைவு, காட்டுக்கு விலையே இல்லை. பள்ளத்தாக்கின் மடிப்புகளில் ஒளிந்து நிற்கும் சோலைக்காடு மிக மெதுவாக வளர்வது. அடியில் ஊற்றுநீரைக் காப்பது. நகரம் வளர, அருகிலிருந்த சோலைகள் விறகாயின. அதனைக் கண்ட பின்னரே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவின் யூகலிப்டசும் வாட்டிலும் விறகுக்காக நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் தோல் பதனிடவும் மரக்கூழுக்கும் எனப் புல்வெளிகளிலும் அவை பெருமளவில் நடப்பட்டன. 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலைப் புல்வெளிகளில் பாதிக்கு மேல் மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. இதற்குக் கணப்பு ஒன்றையே குற்றவாளியாக்குவது நியாயமன்று. ஆலைகளின் பங்கே பெரிது. எனினும் அன்னிய மரங்களுக்கு முதலில் கதவைத் திறந்துவிட்டதில் குளிர்காய்ந்தவர்களுக்கும் பங்குண்டு என்பதே என் கருத்து. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இனிக் காட்டை விறகுக்கிடங்காகக் கருத இடமில்லை.

ஒரு சிறு வீட்டின் கணக்கு

சரி, இன்று ஒருவர் மன்னவனூர்ப் பக்கம் ஒரே அறையுள்ள சிறு வீடு கட்டுகிறார். தரையைச் சூடாக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன திட்டமிட வேண்டும்? மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம்.

தரை 5 மீட்டருக்கு 4 மீட்டர், அதாவது 20 சதுர மீட்டர். உயரம் 2.7 மீட்டர். வெளியே இரவில் 8 டிகிரி. உள்ளே நாம் வேண்டுவது 18. வேறுபாடு 10 டிகிரி. முதலில் பழைய முறையில் கட்டுவோம்: ஒன்றரை அடிக் கல்சுவர், உள்மச்சு இல்லாத தகரக்கூரை, ஒற்றைக் கண்ணாடிச் சன்னல், இடுக்குள்ள கதவு. ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் சுவர் வழியே 95 வாட், கூரை வழியே 80, சன்னலும் கதவும் 34, இடுக்கில் புகும் காற்று மணிக்கு இருமுறை அறையை மாற்றுவதால் 36. மொத்தம் 245 வாட். பத்து டிகிரிக்கு 2450 வாட்.

இதைத் தரை கொடுக்குமா? வெதுவெதுப்பான தரை, அறையைவிட ஒரு டிகிரி கூடுதலாக இருக்கையில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 வாட் வெளிவிடும். தரை எவ்வளவு சூடாகலாம் என்பதற்கும் எல்லை உண்டு. 29 டிகிரிக்கு மேல் போனால் நெடுநேரம் நிற்பவர் காலுக்கு நல்லதல்ல என்று ஐரோப்பியத் தர விதிகள் கூறுகின்றன. அப்படியானால் உச்ச அளவு 11 டிகிரி வேறுபாடு. 20 சதுர மீட்டருக்கு 2200 வாட். போதவில்லை! ஓட்டை வீட்டில் தரையைச் சூடாக்கினாலும் குளிர் விடாது.

ஆகவே குழாய் வாங்குமுன் கூரையைப் பாருங்கள். தகரத்துக்குக் கீழே பலகை மச்சு அடித்து, இடையில் ஒரு சாண் தடிப்புக்குத் தென்னை நாரோ வைக்கோலோ கம்பளிக் கழிவோ நன்கு உலர்ந்ததாகத் திணித்தால் 80 வாட் பத்தாகச் சுருங்கும். சுவரின் உட்புறம் நார் திணித்துப் பலகை அடித்தால் 95 முப்பதாகும். சன்னலுக்கு இரவில் மரக்கதவு போட்டால் 34 பதினெட்டாகும். இடுக்குகளை அடைத்தால் காற்றின் பங்கு 13. மொத்தம் 71, பத்து டிகிரிக்கு 710 வாட். சதுர மீட்டருக்கு 35 வாட்டே. அதற்குத் தரை 21 அல்லது 22 டிகிரியில் இருந்தால் போதும்! தொட்டால் சூடு என்றே தோன்றாது. 'சில்லிடவில்லை' என்று மட்டுமே தோன்றும். குழாயில் ஓடும் நீர் 30 டிகிரியை ஒட்டி இருந்தால் போதுமானது. தளத்துக்கு அடியிலும், முக்கியமாக அதன் விளிம்பைச் சுற்றிலும், வெப்பம் கடத்தாத பொருளைப் பதிக்க மறக்கக்கூடாது. இல்லையேல் பழனி மலையையே சூடாக்கிக்கொண்டிருப்போம்.

விறகுக் கணக்கையும் பார்ப்போம். ஒரு கிலோ நன்கு காய்ந்த விறகில் ஏறத்தாழ நாலரை யூனிட் வெப்பம் உண்டு. ஓட்டை வீட்டில் பன்னிரண்டு மணி நேர இரவுக்கு 29 யூனிட் தேவை. பத்தில் ஒரு பங்கே தரும் கணப்பில் அதற்கு 65 கிலோ விறகு எரிக்க வேண்டும். அதனால்தான் எந்தத் துரையும் இரவெல்லாம் அறையைச் சூடாக வைத்ததில்லை. தீயின் முன் முகத்தைக் காட்டிவிட்டுக் கம்பளிக்குள் புகுந்துவிட்டார்கள். அடைத்த வீட்டில், வெளிப்புற அடுப்பில் நீரைச் சூடாக்கித் தரையில் ஓட்டினால், பாதி வெப்பம் வீணானாலும் நான்கு கிலோவில் இரவு கழியும். கான்கிரீட் தளம் 10 சென்டிமீட்டர் கனமென்றால் அதன் வெப்பக் கொள்ளளவு டிகிரிக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். மாலையில் ஏற்றிய வெப்பத்தை, காஷ்மீரத்துக் கல்லைப் போலவே, விடியும்வரை மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். சூடாக நேரம் பிடிக்கும் என்பதும் உண்மை. வார இறுதியில் மட்டும் வந்து போகிறவருக்கு இது ஏற்றதன்று.

இனி நான் மிகவும் விரும்பும் பகுதி. கொடைக்கானலின் மிகக் குளிர்ந்த இரவுகள் எவை? மேகமூட்டமுள்ள இரவுகள் அல்ல. வானம் தெளிந்த இரவில்தான் தரையின் வெப்பம் தடையின்றி விண்ணுக்குக் கதிர்வீசி, ஏரிக்கரைப் புல்லில் உறைபனி படிகிறது. வானம் தெளிந்த இரவுக்கு முந்திய பகல் பெரும்பாலும் நல்ல வெயிலாகவே இருக்கும். அதாவது குளிர் கடுமையாக இருக்கும் நாட்களிலேயே சூரியனும் தாராளமாகக் கிடைக்கிறது! மலையின் தெளிந்த வானத்தை நம்பித்தான் 1899இல் சென்னையிலிருந்து சூரிய ஆய்வு இங்கே மாற்றப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு ஆரவழியே வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் இங்கே கண்டுபிடித்ததும் ஒரு ஜனவரி மாதத்தில்தான், ஆண்டு 1909. அந்த ஜனவரி வெயிலில் 4 சதுர மீட்டர் சூரியத் தகடு வைத்தால் நாளுக்கு எட்டு ஒன்பது யூனிட் வெப்பம் தண்ணீரில் சேரும். நம் வீட்டுக்கு ஓர் இரவுக்குத் தேவைப்படுவதும் எட்டரை யூனிட்தான். தளத்துக்கு அடியில் போகும் இழப்பைச் சேர்த்தால் சற்றுக் கூடும். உள்ளே உறங்கும் இருவரின் உடல்வெப்பம் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டும். ஐப்பசி, கார்த்திகையில் நாட்கணக்கில் மூடுபனி கவியும்போது மட்டும் அந்த நான்கு கிலோ விறகு வேண்டும். புல்வெளியில் தானாகப் பரவி நிற்கும் வாட்டிலை அதற்கு வெட்டினால் யாரும் வருந்தமாட்டார்கள். வனத்துறையின் அனுமதியோடு என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பங்களாவுக்குத் திரும்புவோம். முதல் நாள் இரவு கணப்பில் இரண்டு சுமை விறகும் எரிந்து தீர்ந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு மாணவர்கள் வெப்பமானியைப் பார்த்தபோது அறை 11 டிகிரி. மறுநாள் இரவு ஒரு சோதனை செய்தோம். தீயே மூட்டவில்லை. சாம்பல் முழுவதும் ஆறிவிட்டதைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகு, கணப்பின் வாயைப் பழைய மேசைப் பலகை ஒன்றால் மூடினோம். கதவின் அடியில் விரல் நுழையும் இடுக்கு. அதில் சாக்கை மடித்துச் செருகினோம். சன்னல்களுக்கு எங்களிடமிருந்த போர்வைகளில் இரண்டைத் தொங்கவிட்டோம். உறங்கும் மனிதன் ஏறத்தாழ 70 வாட் வெளிவிடுகிறான். நாங்கள் ஏழு பேர் சேர்ந்தால் 490 வாட் கணப்பு. வெளியே முதல் நாளைப் போலவே பனி. ஐந்து மணிக்கு வெப்பமானி 13.5 டிகிரி காட்டியது.

காவலாளி தேநீர் கொண்டுவந்தபோது சொன்னோம். நம்பாமல் பலகையை விலக்கிக் கணப்புக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "அப்ப ராத்திரி விறகு மிச்சம்" என்று சொல்லிவிட்டு, திண்ணையில் அடுக்கியிருந்த இரண்டு சுமையையும் தோளில் தூக்கிக்கொண்டு தம் வீட்டுப் பக்கம் நடந்தார்.